மேல் எல்லை இருக்கிறது, கீழ் எல்லை எங்கே? அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொழும்பில் உயர்தர மாணவருக்குத் தமிழில் பொருளியல் படிப்பிக்கிற ஆசிரியை நான். அரசின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, திறைசேரி அதிகாரிகளை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற அதிகாரம் பாராளுமன்றத்தில் உங்கள் குழுவுக்கு இருக்கிறது. அதனால்தான் இதை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் ஒரு மேல் எல்லையைப் போட்டிருக்கிறது. கடன் வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அரசின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது. பாடசாலை, ஆஸ்பத்திரி, வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவிப்பணம், அரச ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், இராணுவம், வீதி, உர மானியம் எல்லாம் அந்த 13 வீதத்துக்குள் அடங்க வேண்டும். எல்லையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கண்டவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளியின் மருந்துக்கும் ஒதுக்குவது இவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம் எதையும் சொல்லவில்லை. அப்படியென்றால் நெருக்கடி வரும்போது எது முதலில் வெட்டுப்படும்? சம்பளத்தை நிறுத்த முடியாது. ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது. ஒப்பந்தக்காரர் தன் பாக்கியைக் கேட்டு அமைச்சின் வாசலுக்கே வந்துவிடுவார். கொழும்பு முகத்துவாரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பிள்ளை வந்து கேட்கப் போவதில்லை.

என் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், கூப்பன் அரிசி, இலவசப் படிப்பு, இலவச மருந்து என்று கொடுத்துக் கொடுத்துத்தானே நாடு இப்படி ஆனது?" கூப்பன் அரிசி என்பது அந்தக் காலத்தில் பங்கீட்டு முறையில் அரசு மலிவாகக் கொடுத்த அரிசி. அந்தப் பிள்ளை இந்தக் கருத்தை வீட்டில் கேட்டிருக்கும், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டிருக்கும். 2022க்குப் பிறகு இந்தக் கருத்து இன்னும் பலமாகிவிட்டது. உங்கள் குழுவின் முன் வருகிற சில அதிகாரிகளும் இதே நினைப்போடுதான் வருவார்கள் என்று நினைக்கிறேன். எனவே வகுப்பில் நான் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெளியுலகம். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசிடி நாடுகளில் ஓய்வூதியம், மருத்துவம், குடும்ப உதவி, வேலையில்லாதோர் உதவி போன்றவற்றுக்கு அரசு செலவழிப்பது சராசரியாக மொத்த உற்பத்தியில் 21 வீதமளவில் இருக்கிறது. பிரான்ஸில் அது 30 வீதத்தையும் தாண்டுகிறது. தென்கொரியாவில் 15 வீதமளவு. மெக்சிகோவில் 10 வீதத்தை ஒட்டி நிற்கிறது. சமூகச் செலவு வளர்ச்சியைக் கொல்லும் என்பது உண்மையானால் பிரான்ஸும் டென்மார்க்கும் ஏழை நாடுகளாகவும் மெக்சிகோ செல்வந்த நாடாகவும் இருக்க வேண்டுமே. அப்படி இல்லை.

இதை வைத்துக்கொண்டு மறுபக்கத்துக்கும் ஓடிவிடக் கூடாது என்று என் மாணவருக்குச் சொல்வேன். நாடு பணக்கார நாடாக ஆக, மக்கள் அரசிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறார்கள், அரசின் செலவும் ஏறுகிறது. ஜெர்மானியப் பொருளியலாளர் அடோல்ஃப் வாக்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆகவே செலவால் செல்வம் வந்ததா, செல்வத்தால் செலவு வந்ததா என்பதை ஓர் ஆண்டின் படத்தில் நாடுகளைப் புள்ளிகளாக வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குப் பிடித்த நாடுகளைப் பொறுக்கியெடுத்து அந்தப் படத்தைக் காட்டுவார்கள். உங்கள் முன் யாராவது அதைக் காட்டினால், ஒரே நாடு காலப்போக்கில் எப்படிப் போனது, காசு எதற்குப் போனது, அது யாரிடமிருந்து வந்தது என்று தயவுசெய்து கேளுங்கள்.

இந்தக் கேள்விகளோடு நீண்டகாலக் கணக்குகளைப் பார்த்தவர் பீட்டர் லிண்டர்ட் என்ற அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாசிரியர். 18ஆம் நூற்றாண்டிலிருந்து பல நாடுகளின் சமூகச் செலவைத் தொகுத்த அவர், பெரிய நலன்புரி அரசுகள் அந்தச் செலவால் வளர்ச்சியை இழந்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். கோட்பாட்டின்படி இழந்திருக்க வேண்டும். வரி கூடினால் உழைக்கும் ஆசை குறையும், முதலீடு ஓடும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. ஏன் இழக்கவில்லை? அவர் காட்டும் காரணங்களில் ஒன்று நமக்கு மிக முக்கியமானது. கூடுதலாகச் செலவழிக்கும் நாடுகள், வரியையும் பரவலாக, எல்லோரும் வாங்கும் பொருட்களின் மீதே போடுகின்றன. முதலீட்டையும் இலாபத்தையும் மட்டும் குறிவைத்துப் போடுவதில்லை. டென்மார்க்கிலும் சுவீடனிலும் பெறுமதி சேர் வரி (வற்) 25 வீதம். அதை அங்கே ஏழையும் கட்டுகிறார். கட்டிய காசு பிள்ளைப் பராமரிப்பாக, பாடசாலையாக, வைத்தியமாக அவருடைய வீட்டுக்கே திரும்பி வருகிறது.

நம் நாட்டிலும் 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வற் வரி 18 வீதம். அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் அதே நாளில் வரிக்குள் வந்தன. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமி அந்த வரியைக் கட்டுகிறார். வருமான வரிக் கோப்பு இல்லாதவர் வரியே கட்டுவதில்லை என்று பேசுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வரியை அறவிடுவதில் நாம் ஸ்கன்டிநேவியாவை நோக்கிப் பாதித் தூரம் நடந்துவிட்டோம். திருப்பிக் கொடுப்பதில் இன்னும் புறப்படவே இல்லை. கல்விக்கு அரசு செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. யுனெஸ்கோவின் உடன்பாட்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு 4 முதல் 6 வீதம்.

இரண்டாவது கேள்வி, காசு எதற்குப் போகிறது என்பது. "சமூகச் செலவு" என்று ஒரே பெயரில் எழுதினாலும் அதற்குள் பலவிதமான செலவுகள் இருக்கின்றன. பலன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்வோம். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது கிடைத்த காசில், 1973க்கும் 1979க்கும் இடையில் அந்த நாடு 61,000க்கும் மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோ, பாடசாலைகள் கூடுதலாகக் கட்டப்பட்ட மாவட்டங்களையும் குறைவாகக் கட்டப்பட்ட மாவட்டங்களையும் ஒப்பிட்டு, அந்தப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்ததையும் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்ததையும் காட்டினார். குவாட்டமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களின் சிறு பிள்ளைகளுக்குச் சத்தான கஞ்சி கொடுத்தார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு தேடிப்போய்ப் பார்த்தபோது, மூன்று வயதுக்கு முன் அந்தக் கஞ்சியைக் குடித்த ஆண்கள், அது கிடைக்காதவர்களைவிட மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 46 வீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 133 அரசுத் திட்டங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. வறிய பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் போட்ட காசில் பெரும்பகுதி, அவர்கள் வளர்ந்து கட்டிய வரியாலேயே அரசுக்குத் திரும்பியது.

குவாட்டமாலாவை நான் சும்மா இழுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தேயிலை, இறப்பர்த் தோட்டப்புறத்தில் அது ஏறக்குறைய 32 வீதம். இது 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு. மூன்றில் ஒரு பிள்ளையின் உடலும் மூளையும் முழுதாக வளராமல் போகிற தோட்டப்புறத்தை வைத்துக்கொண்டு நாம் எந்த வளர்ச்சி வீதத்தைப் பற்றிக் கதைக்கிறோம்? அந்தப் பிள்ளைக்குப் போகாத சத்துணவுச் செலவு, இந்த ஆண்டுக் கணக்கில் சேமிப்பாகத் தெரியும். இருபது ஆண்டு கழித்துக் குறைந்த சம்பளமாகவும் குறைந்த வரியாகவும் அது வரும்போது, அதை எந்தக் கணக்காய்வாளரும் இந்த ஆண்டோடு சேர்த்து எழுத மாட்டார்.

தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருப்பித்தபோதும், காசுக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று இந்திய மாநிலங்களில் இரண்டாவது பெரிய பொருளாதாரம் அது. சோற்றால் மட்டும் வந்த வளர்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சோறு போட்டதால் வளர்ச்சி நின்றுபோகவில்லை என்பதைச் சொல்லலாம். 2022இல் அங்கே காலை உணவையும் சேர்த்துவிட்டார்கள்.

இங்கே எப்போதும் எழும் எதிர்வாதம் தென்கொரியா. 1960இல் நம் தலா வருமானமும் அவர்களுடையதும் ஏறக்குறைய ஒரே அளவு. நாங்கள் கூப்பன் அரிசி கொடுத்தோம், அவர்கள் தொழிற்சாலை கட்டினார்கள், அதனால்தான் வித்தியாசம் என்பார்கள். இதில் பாதி உண்மை. வளர்ந்த காலத்தில் கொரியா ஓய்வூதியத்துக்கும் உதவிப்பணத்துக்கும் மிகக் குறைவாகவே செலவழித்தது. ஆனால் அதற்கு முன்பே 1950ஐ ஒட்டி நிலச்சீர்திருத்தம் செய்து குத்தகை விவசாயிகளுக்கு நிலம் கொடுத்திருந்தது. ஆரம்பக் கல்வியை எல்லாப் பிள்ளைக்கும் கொண்டு போயிருந்தது. மருத்துவக் காப்புறுதியை 1977இல் பெரிய நிறுவனத் தொழிலாளரிடம் தொடங்கி, 12 ஆண்டுகளில், 1989இல், நாடு முழுவதற்கும் விரித்தது. இன்று நாம் கொரியாவிடம் படிக்க வேண்டியது இந்த ஒழுங்கைத்தான். பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் பின்போடவில்லை.

எங்களுடைய கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகப் பொருளியலாளர்கள் பலர் இலங்கையை வைத்தே இந்த விவாதத்தை நடத்தியிருக்கிறார்கள். 1934, 35இல் மலேரியா பரவி ஏறக்குறைய 80,000 பேர் இறந்த நாடு இது. 1943இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழு அறிக்கை கொடுத்தது, 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்து வைத்தியசாலைகள் பெருகின. போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு போர் முடிந்தபின்னும் தொடர்ந்தது. 1940களின் நடுவில் 40 வயதைச் சற்றே தாண்டியிருந்த சராசரி ஆயுள், 1970களின் தொடக்கத்தில் 65ஐ எட்டியது. வருமானத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னேறியிருந்த நாடுகள்கூட அப்போது அந்த ஆயுளை எட்டவில்லை. பொருளியலாளர் அமர்த்தியா சென் இதை உதாரணமாகக் காட்டினார். அந்தச் சாதனையில் பெரும்பகுதி சுதந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டது, அதற்குப் பிறகான செலவுக்கு அவ்வளவு பெருமை சேராது என்று இன்னொரு பொருளியலாளரான சுர்ஜித் பல்லா மறுத்தார். 1980களில் இருவரும் இதை வெளிப்படையாக வாதாடினார்கள்.

நலன்புரிச் செலவுதான் வளர்ச்சியை விழுங்கியது என்று சொல்பவர்கள் 1956க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் வளர்ச்சி மெதுவாக இருந்தது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் தேயிலையின் உலக விலை சரிந்துகொண்டே வந்தது, அந்நியச் செலாவணி தட்டுப்பட்டது, இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கைத்தொழில் மூலப்பொருள் இல்லாமல் திணறியது, 1971இல் கிளர்ச்சி வந்தது. அதன் பின் 1983இன் இனக்கலவரம் வந்தது, போர் வந்தது, 2009 வரை நீண்டது. எத்தனையாயிரம் உயிர், எத்தனை கடை, எத்தனை தொழிற்சாலை, படித்த எத்தனை பேர் கப்பலேறிப் போனது! இந்த நாட்டின் வளர்ச்சியைத் தின்றது எது என்று கணக்கெழுதும்போது இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பிள்ளையின் பாடப்புத்தகத்தில் கொண்டுபோய்க் குற்றத்தைச் சுமத்துவது நியாயமில்லை.

கூப்பன் அரிசியில் பிழை இருந்தது. வசதியானவருக்கும் அதே விலையில் கொடுத்தார்கள். தேயிலை, இறப்பர் ஏற்றுமதியில் கிடைத்த வரியை நம்பியே அது ஓடியது. அந்த வரியை உழைத்துக் கொடுத்த மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, வாக்கும் இல்லாமல் நின்றார்கள். நாடெங்கும் இலவசக் கல்வி பரவிய காலத்தில் தோட்டப் பாடசாலைகள் அந்த முறைமைக்கு வெளியே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. சமூகச் செலவின் வரலாற்றை நாம் பெருமையோடு சொல்லும்போதெல்லாம் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மானியத்தை எப்படிக் குறைப்பது என்பதற்கும் நம்மிடம் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஒரே அடியாக ஏற்றப்பட்டது. ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அது எல்லோருக்கும் தெரிந்த பாடம். மற்றப் பாடத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக எழுதப்பட்டிருந்தது. விலைவாசி ஏறியது, முத்திரை ஏறவில்லை. சில ஆண்டுகளில் அதனால் வாங்கக்கூடியது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இதற்கு ஊர்வலம் போகவில்லை, அரசு கவிழவில்லை, ஆனால் ஆக வறிய குடும்பங்களின் தட்டில் சோறு குறைந்தது. அந்தக் காலத்தில் அரசு மொத்தச் செலவைக் குறைத்திருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்துக்குக் காசு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. 1977க்குப் பிறகு வளர்ச்சி கூடியது என்பதையும் நான் மறைக்கவில்லை. வளர்ச்சி கூடிய அதே ஆண்டுகளில் வறியவரின் பங்கு சத்தமில்லாமல் கரைய முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் 2022? என் வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நேரான பதில் இங்கே இருக்கிறது. 2019 டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது, வேறு வரிகளும் நீக்கப்பட்டன. மொத்த உற்பத்தியில் 12 வீதமளவில் இருந்த அரச வருமானம் 2021இல் 8 வீதமளவுக்கு விழுந்தது. வருமானத்தில் 70 வீதத்துக்கும் மேல் வட்டிக்கே போனது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். வறிய குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுத்த உதவிப்பணம் அந்த ஆண்டுகளில் மொத்த உற்பத்தியில் ஒரு வீதம்கூட இல்லை. பொருளாதாரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் பொறுப்பு யாருக்கு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில், அஸ்வெசுமவுக்கு முந்திய உதவிப்பணமான சமுர்த்தியை வாங்கிய தாய்மார் யாரும் குற்றவாளிகளாக இல்லை.

செலவு எப்போதுமே அளவு மீறாது என்றும் நான் வாதாட மாட்டேன். சுவீடனில் 1993இல் அரசின் மொத்தச் செலவு உற்பத்தியில் 70 வீதத்தை நெருங்கியது. அவர்கள் அதைக் குறைத்தார்கள், ஓய்வூதிய முறையையே மாற்றியமைத்தார்கள். பாடசாலையையும் வைத்தியத்தையும் பொதுக் காசிலேயே வைத்துக்கொண்டார்கள், வளர்ச்சியும் திரும்பியது. கிரேக்கத்தில் 2010க்குப் பிறகு ஆஸ்பத்திரி உட்பட எல்லாவற்றையும் வேகமாக வெட்டினார்கள். பொருளாதாரம் நெருக்கடிக்கு முந்திய அளவிலிருந்து கால்வாசி சுருங்கியது. அப்படி வெட்டுவதால் வரும் பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று 2013இல் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளரே எழுதினார். வட்டி போக 13 வீதத்தோடு நிற்கிற நாம் சுவீடனின் 70 வீத வருத்தத்துக்கு மருந்து தேட வேண்டியதில்லை.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். நாணய நிதியத்தோடு செய்த கடன் உடன்படிக்கையில் சமூகப் பாதுகாப்புச் செலவுக்குக் கீழ் எல்லை ஒன்று இருக்கிறது. அது உதவிப்பணத்துக்கு மட்டும், பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இல்லை. 2024 டிசம்பர் முடிவுக்கான இலக்குகளை நிதியம் பார்த்தபோது, மற்ற இலக்குகளை நாம் எட்டியிருந்தோம். எட்டாமல் விட்டது இந்தச் சமூகச் செலவு இலக்கை. வரி வசூலிக்க முடிந்த அரசால், ஒதுக்கிய காசை வறியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. இந்த ஒரு விடயத்துக்காக மட்டும் ஒரு நாள் முழுக்க நீங்கள் விசாரணை வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏன் சேரவில்லை என்பதற்குக் கொழும்பிலேயே பதில் கிடைக்கும். 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். மட்டக்குளி, வனாத்தமுல்லை, கிராண்ட்பாஸ் பக்கம் 'தோட்டம்' என்று சொல்கிற நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பங்கள் இருக்கும், மின்சாரப் பட்டியல் ஒருவர் பெயரில் வரும். வாடகைக்கு இருப்பவர் முகவரி மாறிக்கொண்டே இருப்பார். சீமெந்துச் சுவர் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது என்று படிவத்தில் புள்ளி விழுந்துவிடும். அந்த வீட்டில் ஒரு கிழமைக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது படிவத்தில் தெரியாது. அறிவித்தல் விளங்காமல் பிரதேச செயலகத்தில் நிற்கும் தமிழ்த் தாய்மாருக்கு, என் மாணவர்கள்தான் பல தடவை போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் தொகை. ஆக வறிய குடும்பத்துக்கு 2023இல் 15,000 ரூபாய் என்று தொடங்கி, 2025இல் 17,500 ஆக்கினார்கள். கூட்டியதை வரவேற்கிறேன். ஆனால் அதைக் கூட்டுவதும் விடுவதும் அந்தந்த ஆண்டின் அரசியல் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கிறது. 1979இன் உணவு முத்திரைக்கு நடந்தது இதற்கும் நடக்காது என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. விலைவாசியை அளக்கும் விலைச்சுட்டெண்ணோடு சேர்த்து ஒவ்வொரு ஆண்டும் தானாக ஏறும்படி செய்வது பெரிய வேலை இல்லை.

நான் கேட்பது இதுதான். 13 வீத மேல் எல்லையை வைத்திருக்கும் அதே சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைப் பரிந்துரையுங்கள். கல்விக்கும், சுகாதாரத்துக்கும், வறிய குடும்பங்களுக்கான உதவிப்பணத்துக்கும் தனித்தனியாக, மொத்த உற்பத்தியில் இத்தனை வீதத்துக்குக் கீழே ஒதுக்கக் கூடாது என்று எழுதப்படட்டும். ஒதுக்குவது மட்டும் போதாது. ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறைசேரி உங்களுக்கு அறிக்கை தர வேண்டும். நம் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைகளுக்குக் கீழே இருக்கின்றன. அந்தச் சபைகளின் காலம் 2017க்கும் 2019க்கும் இடையில் முடிந்து, தேர்தல் இல்லாமல் ஆளுநர்களே நடத்திவந்த ஆண்டுகளில், ஒரு மாகாணப் பாடசாலைக்கு வரவேண்டிய காசு வரவில்லை என்று எழுந்து கேட்க அங்கே தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இருக்கவில்லை. அதனால் மாகாணக் கணக்கும் அந்த அறிக்கைக்குள் வர வேண்டும். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தும் காட்டப்பட வேண்டும். நாட்டுச் சராசரிக்குள் மலையகப் பிள்ளை மறைந்துபோவது போதும்.

இதற்குப் புதிய காசு தேவையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 13 வீதத்துக்குள் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பாதுகாப்புக்குப் போகும் தொகையையும், நட்டத்தில் ஓடும் அரச நிறுவனங்களுக்குப் போகும் தொகையையும் பக்கத்தில் வைத்து, எது குறையலாம் என்று நீங்கள் வெளிப்படையாக விவாதியுங்கள். அந்த விவாதம் இப்போதும் நடக்கிறது, ஆனால் மூடிய அறைக்குள் நடக்கிறது.

அடுத்த வரவு செலவுத் திட்டம் நவம்பரில் வரும். அதற்கு முந்திய கூட்டம் ஒன்றில் திறைசேரி, கல்வி, சுகாதார அதிகாரிகளையும் அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையையும் ஒன்றாகக் கூப்பிட்டு, 2024இல் சமூகச் செலவு இலக்கு ஏன் தவறியது, எந்தக் குடும்பங்களுக்குக் காசு போய்ச் சேரவில்லை என்று கேளுங்கள். வரும் பதிலை மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். பல அறிக்கைகளின் தமிழ்ப் பிரதி பிந்தியே வருகிறது. உயர்தரப் பரீட்சைக்கு இருக்கும் என் பிள்ளைகளுக்கு அதை வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்ஙனம்,
உயர்தரப் பொருளியல் ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13